மறந்தவர் நீங்கள் அல்ல
திண்டிவனத்துக் குமாஸ்தா அண்ணனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணே,

கடிதத்தைக் கவரில் போட்டு வீட்டுக்கே அனுப்பியிருக்கலாமே, ஊரறிய எதற்கு என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, போகப் போகச் சொல்கிறேன். உங்கள் பெயரை எங்கேயும் எழுதவில்லை. எழுதினால் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் திண்டிவனம் கோர்ட் வாசல் டீக்கடைக்காரர் தொடங்கி விழுப்புரத்தில் நகல் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் வரை, நாலு வரி படித்ததும் யாரைச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதை என்னால் தடுக்க முடியாது.

விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி 2017-ல் தொடங்கியது. தொடங்கிய வருஷமே சேர்ந்தவள் நான். பக்கத்தில் அப்படி ஒரு கல்லூரி வராமல் இருந்திருந்தால், மயிலத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை போட்டுப் பிழைக்கிற எங்கள் வீட்டில் என்னை வெளியூர் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்க வழியே இருந்திருக்காது. 2022-ல் சென்னையில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு, புதுக் கவுனை மடித்துப் பையில் வைத்து, மறுநாள் காலை சீனியர் சார் ஆபீஸ் படியேறினேன். சார் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார். நீங்கள் மட்டும் மேசையில் கேஸ் கட்டைப் பரப்பிவைத்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க வக்கீலம்மா" என்றீர்கள்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை, அண்ணே. எங்கள் தெருவில் நான் இன்னும் இன்னார் பொண்ணுதான். என் அப்பாவைவிட மூத்தவர் நீங்கள், நாற்பது வருஷமாகக் கோர்ட்டுக்குப் போய்வருகிறவர். சம்மனுக்கும் நோட்டீசுக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்து நின்ற பெண்ணுக்கு எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டீர்கள். அந்த மரியாதையை நான் இன்னும் சம்பாதிக்கவில்லை என்ற நினைப்புதான் அடுத்த மூன்று வருஷம் என்னை ஓட்டியது.

சார் எனக்குச் சட்டம் கற்றுக்கொடுத்தார். அந்தக் கடனை அவரிடமே நேரில் சொல்லியிருக்கிறேன். குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியோடு நிறுத்த வேண்டும், ஜட்ஜ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கும்போது எப்படிக் காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கொடுத்தது. ஆனால் ஒரு வழக்கு கையில் எப்படி உருவாகிறது என்பதை நீங்கள்தான் காட்டினீர்கள். லெட்ஜர் தாளை நீளவாக்கில் மடிக்கிற மடிப்பு, முதுகில் டாக்கெட் எழுதுகிற இடம், வக்காலத்தில் சேமநல முத்திரை ஒட்டுகிற மூலை, தைக்கும்போது ஓரத்து எழுத்து நூலுக்குள் போய்விடாமல் விடுகிற இரண்டு விரல் இடைவெளி. இதெல்லாம் ஆபீஸ் வேலை, நமக்கெதற்கு என்று நினைக்கிற ஜூனியர்கள் உண்டு. மனு ரிட்டர்ன் ஆகி வரும்போது தெரியும், எதற்கு என்று.

கோர்ட் கட்டணச் சட்டத்தை நான் முதலில் படித்தது புத்தகத்தில் அல்ல, உங்கள் வாயில். பாகப்பிரிவினை வழக்கு என்றால், கட்சிக்காரர் சொத்தில் கூட்டு அனுபவத்தில் இருக்கிறாரா, வெளியே தள்ளப்பட்டவரா என்று முதலில் கேட்பீர்கள். உள்ளே இருந்தால் 37(2), நிலையான கட்டணம். வெளியே என்றால் 37(1), அவர் பங்கின் மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும். 1955-ம் வருஷச் சட்டம் அது. நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த விகிதம் 2017-ல் 3 ரூபாயாகக் குறைந்ததைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "அந்த ஏழரைக்குப் பயந்தே எத்தனையோ பொம்பளைங்க கேசே போடாம போயிட்டாங்க வக்கீலம்மா" என்பீர்கள். சட்டத் திருத்தம் என்றால் எனக்கு அதுவரை தேதியும் எண்ணும்தான். அதற்கு ஆள் முகம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் நினைவிருக்கும். செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த 1958-ம் வருஷக் கிரயப் பத்திரம். பழுப்பேறி, மடிப்பில் எல்லாம் கிழிந்து, பின்னால் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. பிராதுக்குச் சொத்து விவரம் எழுதச் சொன்னார் சார். நான் எழுதி முடித்து நீட்டியதும் நீங்கள் வாங்கிப் படிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "பத்திரத்தப் படிங்க" என்றீர்கள். படித்தேன். "இன்னார் நிலத்துக்கு மேற்கு" என்று வந்தது.

"நிறுத்துங்க. இப்போ நீங்க நம்ம நிலத்துக்குள்ள நில்லுங்க. அந்தாளு நிலம் எந்தப் பக்கம்?"

நான் மேற்கு என்றேன். எழுதியும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

"அவரு நிலத்துக்கு மேற்கால நாம இருக்கோம். அப்போ நமக்கு அவரு கிழக்கு."

ஒரு நிமிஷம் அந்த அறை அப்படியே சுழன்று வேறு திசையில் நின்றது எனக்கு. நான் எழுதியபடி பிராது போயிருந்தால் எங்கள் கட்சிக்காரர் பக்கத்து நிலத்துக்கு வழக்குப் போட்டவர் ஆகியிருப்பார். தடை உத்தரவு கிடைத்தும் பயனில்லை. அமீனா போய் நிற்கிற இடமே வேறாக இருந்திருக்கும். அன்றைக்கு நீங்கள் சொன்னது, "அளவு தப்பா இருக்கலாம், எல்ல தப்பா இருக்கக் கூடாது." பிறகு சாரிடம் கேட்டேன். அளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் எல்லைதான் நிற்கும் என்பது கோர்ட்டுகள் காலங்காலமாகப் பின்பற்றுகிற விதி என்று தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார். நீங்கள் அந்தத் தீர்ப்புகளில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஆயிரம் செக்குபந்தி எழுதிய கைக்கு அது தானாகத் தெரிந்திருந்தது.

அதே பத்திரத்தில் நிலம் 1 காணி 25 குழி. என் தலைமுறைக்குக் காணியும் தெரியாது, குழியும் தெரியாது. செல்போனை எடுக்கவிடாமல் தாளில் கணக்குப் போடவைத்தீர்கள். நம் பக்கத்தில் குழி என்றால் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. ஆக 125 குழி, 72,000 சதுர அடி, 165 சென்ட், 67 ஏர். பட்டாவைப் பார்த்தால் 54 ஏர்தான் இருந்தது. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில், நாம் யு.டி.ஆர். என்று சொல்கிறோமே, அதில் 13 ஏர் பக்கத்து சர்வே எண்ணுக்குள் போய்விட்டிருந்தது. முப்பத்திரண்டு சென்ட். அந்தக் குடும்பம் முப்பது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அண்ணன் தம்பி மீது. களவு போனது தாலுகா ஆபீஸ் கணக்கில் என்று அன்று மாலை அந்தத் தாளில்தான் தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நீங்கள் டீ சொன்னீர்கள்.

டீ சொல்வதைப் பற்றியும் எழுத வேண்டும். கிராமத்திலிருந்து வருகிறவர்கள் கதையைத் தலையிலிருந்து சொல்ல மாட்டார்கள். பாட்டன் கல்யாணத்தில் தொடங்குவார்கள், நடுவில் யாரோ பசு மாடு விற்ற கதை வரும், அழுவார்கள், பிறகுதான் சம்மன் வந்த விஷயம் வெளியே வரும். நான் ஆரம்பத்தில் குறுக்கே விழுந்து "தேதி என்ன, தேதி என்ன" என்று கேட்பேன். நீங்கள் கேட்கமாட்டீர்கள். தேதி கிழிக்கிற காலண்டரின் பழைய தாளைத் திருப்பிவைத்துக்கொண்டு, அவர்கள் பேசப் பேச ஒரு பக்கம் வம்சாவளி வரைவீர்கள். பாட்டன், கீழே நாலு பிள்ளை, அதற்குக் கீழே பேரன் பேத்தி. அவர்கள் பேசி முடித்ததும் மெதுவாக இரண்டு கேள்விதான் கேட்பீர்கள். "செத்துப்போன பிள்ளைங்க யாராச்சும் உண்டா?" "தாத்தாவுக்கு முன்ன ஒரு தாரம் இருந்துச்சா?" பத்துக்கு மூன்று வீட்டில் அந்தக் கேள்விக்குப் பிறகு மரத்தில் புதுக் கிளை முளைக்கும். வாரிசு ஒருவரை விட்டுவிட்டால் தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்று பத்து வருஷ வழக்கு விழுந்துபோகும். அந்தக் காலண்டர் தாள்களில் இரண்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

பிறந்த வீட்டில் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்டு அந்த அம்மா வந்ததும் அப்படித்தான். எழுபதை நெருங்குகிற வயது, இரண்டு மூட்டும் வலி. கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பங்குரிமை கொடுத்த 1989-ம் வருஷத் திருத்தம், மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களை வெளியே நிறுத்தியிருந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் திருந்தியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகள் பிறப்பாலேயே பங்காளி, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்திருந்தேன். சந்தோஷமாக, "உங்களுக்குப் பங்கு உண்டும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "ஏம்மா, அண்ணந்தம்பிங்க எப்பவாச்சும் பாகம் பிரிச்சிக்கிட்டாங்களா? ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனாங்களா? எந்த வருஷம்?"

அந்தக் கேள்வியில்தான் வழக்கின் உயிர் இருந்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவான பாகப்பிரிவினையை அந்தச் சட்டம் தொடாது. நீங்களே போய் வில்லங்கம் போட்டு எடுத்து வந்தீர்கள். பத்திரம் எதுவும் பதிவாகவில்லை, வாய்ப் பேச்சுப் பாகம்தான். சட்டம் சொன்னது சார், ஆனால் அதற்கு வழி திறந்த கேள்வி உங்களுடையது. "எனக்கு நெலம் முக்கியமில்ல சாமி, பொறந்த வூட்டுக் கணக்குல எம் பேரு இருக்கணும்" என்று அந்த அம்மா சொன்னதைப் பிராதில் எழுத இடமில்லை. எனக்குள் எழுதிவைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்துக்குப் போகிற நாட்கள் தனி. காலைப் பாசஞ்சர், திண்டிவனம் விட்டால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், பிறகு விழுப்புரம். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைக்கும். அதுவரை நின்றபடியே மடியில் வைக்க வேண்டிய டைரியைக் கம்பியில் சாய்த்து வைத்துக்கொண்டு அன்றைய கேசுகளைச் சொல்லிக்கொடுப்பீர்கள். முன் வாய்தா எப்போது, எதற்குப் போட்டிருக்கிறது, எதிர்த்தரப்பு வக்கீல் போன தடவை என்ன சொன்னார். இப்போது பதினாறு இலக்க எண்ணைத் தட்டினால் எல்லாம் செல்போனில் வந்துவிடுகிறது. நல்ல விஷயம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் உங்கள் டைரியில் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்குமே, "பிரதிவாதி மனைவிக்கு ஆபரேஷன்", "வாதி சமாதானத்துக்கு அரை மனசு" என்று, அது எந்த இணையதளத்திலும் வராது.

அந்த ரயிலில்தான் பழைய கதைகளும் சொன்னீர்கள். தென்னாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம், எதற்கெடுத்தாலும் கடலூருக்குப் பஸ் ஏறியது, 1993 செப்டம்பர் 30-ல் விழுப்புரம் தனி மாவட்டமான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேலை இந்தப் பக்கம் நகர்ந்தது. கீழ்க் கோர்ட்டுகளில் தமிழுக்கு இடம் கொடுத்து 1976-ல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், பிராதைத் தமிழில் எழுதலாமா என்று வக்கீல்களே தயங்கியதாகச் சொன்னீர்கள். வானூர், கண்டமங்கலம் பக்கத்துக் கட்சிக்காரர்கள் புதுச்சேரி பத்திரத்தோடு வந்தால் அதில் கதஸ்தர் எண் என்று வேறு ஒரு எண் இருக்கும், குழம்பக் கூடாது என்றும். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிரெஞ்சுக்காரர் போட்ட நிலக்கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே எனக்குச் செய்தியாக இருந்தது.

சாயங்காலம் ரயிலைத் தவறவிட்டால் பஸ். நீங்கள் இறங்க வேண்டிய இடம் முன்னாலேயே வந்துவிடும். ஆனால் இருட்டிவிட்டது என்றால் திண்டிவனம் வரைக்கும் வந்து, என் ஊர்ப் பஸ்சில் நான் ஏறிய பிறகுதான் திரும்பிப் போவீர்கள். ஒருநாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதன்முதலாக எனக்குக் கோர்ட் கமிஷனர் வேலை கிடைத்ததே, வண்டிப்பாதைத் தகராறில். இடத்தை நேரில் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். முந்தின நாள் என்னை உட்காரவைத்து வாரண்டு, இரண்டு தரப்புக்கும் நோட்டீஸ், டேப், சர்வேயருக்குத் தகவல் எல்லாம் சரிபார்த்தீர்கள். கடைசியில், "ரெண்டு வீட்டுலயும் தண்ணி குடிக்காதீங்க வக்கீலம்மா. பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க. மோர் கொடுப்பாங்க, வேணாம்னு சொல்றது கஷ்டமாத்தான் இருக்கும்" என்றீர்கள். கஷ்டமாகத்தான் இருந்தது. மே மாத வெயில். ஒரு பாட்டி செம்பை நீட்டிக்கொண்டே நின்றாள். கைகூப்பி வேண்டாம் என்றேன். எதிர்த்தரப்புக்காரர் அதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் அறிக்கைக்கு இரண்டு பேருமே ஆட்சேபணை போடவில்லை.

இனி அந்தப் பேட்டா விஷயம்.

விக்கிரவாண்டிப் பக்கத்து விதவை ஒருவரின் புரோநோட்டு வழக்கு. இரண்டு பிரதிவாதிகளுக்கும் சம்மன் அனுப்புகிற செலவுக்கான பேட்டாவைக் கட்டத் தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு ஹாலில் நின்றது நான். தேதியை டைரியில் குறிக்காமல் கையிலிருந்த துண்டுத் தாளில் எழுதினேன். அந்தத் தாள் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த வாய்தாவில் பேட்டா கட்டவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. புதிதாக இன்னொரு வழக்குப் போடலாம் என்று சட்டம் சொல்கிறதுதான். ஆனால் புரோநோட்டுக்குக் காலவரையறை மூன்று வருஷம், அது அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. கணவர் இறந்த பிறகு அந்தப் பெண்ணிடம் இருந்த ஒரே சொத்து அந்தத் தாள்.

நான் வராண்டாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "மனு போட முப்பது நாள் இருக்கு. மொதல்ல அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்றீர்கள். மனு போட்டு, வழக்கு உயிர்பெற்ற பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். நீங்கள் விடவில்லை. அன்று சாயங்காலமே அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். "தப்பு எங்க ஆபீசோட தப்பும்மா. சரிபண்ணுவோம்" என்றீர்கள். நான் பக்கத்தில் இருந்தும் "இந்தப் பொண்ணு" என்று என் பக்கம் கையைக் காட்டவில்லை.

திரும்பி வரும்போது பஸ்சில்தான் அதைச் சொன்னீர்கள். "அபிடவிட்டுல, குமாஸ்தா கவனக்குறைவா பேட்டா கட்ட மறந்துட்டாருன்னு எழுதிடுங்க. எப்பவும் அப்படித்தான் எழுதறது. கோர்ட்டுல ஒத்துக்குவாங்க."

எப்பவும் அப்படித்தான். அந்த இரண்டு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் ஆபீசுக்குச் சீக்கிரம் போய்ப் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். தாமத மன்னிப்பு மனுக்கள், எக்ஸ்பார்ட்டி ரத்து மனுக்கள், மறுபடி கோப்புக்கு எடுக்கக் கேட்ட மனுக்கள். எங்கள் ஆபீஸ் என்றில்லை, எதிர்த்தரப்பு மனுக்களிலும் அதே வரிதான். "வழக்குரைஞரின் குமாஸ்தா தேதியைத் தவறாகக் குறித்துவிட்டபடியால்." "குமாஸ்தா கட்டை வேறு கட்டோடு சேர்த்துவைத்துவிட்டபடியால்." ஒரு வழக்கில் ஜட்ஜ் பெயர் பதிவாகிறது, வக்கீல்கள் பெயர் பதிவாகிறது, சாட்சிகள் பெயர் பதிவாகிறது. கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் பதிவாவது, அவர் மறந்தார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும். எதையும் மறக்காத மனிதர் ஒருவர் நாற்பது வருஷமாக எழுத்தில் மறந்துகொண்டே இருந்திருக்கிறார்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. "நீ உன் அபிடவிட்டைப் போடு" என்றார். பேட்டா தேதியைக் குறிக்கத் தவறியது ஜூனியர் வழக்குரைஞரான நான்தான், கட்சிக்காரர் மீது தவறில்லை என்று சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்திட்டேன். ஜட்ஜ் அதைப் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மனு அனுமதிக்கப்பட்டது. வழக்கு மறுபடி கோப்புக்கு வந்தது. நீங்கள் மட்டும் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "உங்க பேரு எதுக்கு ரெக்கார்டுல அப்படிப் போகணும்" என்று வருத்தப்பட்டீர்கள். உங்களைப் பற்றி யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா, அண்ணே?

ஊரறிய எழுதக் காரணம் இதுதான். பதிவில் நாற்பது வருஷமாக ஒரு தவறு இருக்கிறது. என்னால் முடிந்தது இந்த ஒரு மறுப்பு.

பயிற்சி என்று பேசுகிறார்களே, இந்திய பார் கவுன்சில் 1995-ல் ஒரு விதி கொண்டுவந்தது. வக்கீலாகப் பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு வருஷம் சீனியரிடம் பயிற்சி எடுக்க வேண்டும் என்று. அப்படி விதி போட 1961-ம் வருஷ வழக்குரைஞர்கள் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று சுதீர் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இப்போது நூறு கேள்விக்கு ஒரு பரீட்சை இருக்கிறது. ஆக, எங்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சட்டப்படி யாருக்கும் கடமையில்லை. கிடைத்ததெல்லாம் ஒருவர் தன் நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. உங்கள் பணிப் பட்டியலில் ஜூனியருக்குத் திசை சொல்லிக்கொடுப்பது என்று எங்கே இருந்தது?

நன்றி வேறு, கூலி வேறு. அதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வருஷம் எனக்குக் கிடைத்த பணம் பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. என்னோடு படித்த நாலு பேர், அதுவும் பெண்கள், அதனாலேயே இந்தத் தொழிலை விட்டுப் போனார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது, சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்கச் சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அது நடப்புக்கு வர வேண்டும். கற்றுக்கொடுக்கிறோம் என்பது பசிக்குப் பதில் ஆகாது. கூடவே, அந்தத் தீர்ப்பைப் படித்தபோது குமாஸ்தாக்களுக்கு யார் கணக்குப் போடுகிறார்கள் என்று தோன்றியது. 1999-ல் உங்களுக்கென்று ஒரு சேமநல நிதிச் சட்டம் வந்தது, அவ்வளவுதான். மாதச் சம்பளம் இவ்வளவு என்று கேட்க உங்களுக்கு ஒரு மேடை இல்லை. வாய் திறந்து பேசவே அனுமதியில்லாத ஹாலில் நாற்பது வருஷம் நின்றிருக்கிறீர்கள்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் ஆபீசுக்கு வருவது குறைந்துவிட்டது. உங்கள் நாற்காலியில் கட்டுகளை வைக்கிறார்கள். நான் வரும்போதெல்லாம் எடுத்துக் கீழே வைக்கிறேன்.

ஒரு சேதி இருக்கிறது. சார் ஒரு வழக்கை என் பெயரிலேயே நடத்தச் சொல்லிவிட்டார். வக்காலத்தில் முதல் பெயர் என்னுடையது. எங்கள் பக்கத்து ஊர் நிலம், வாய்க்கால் பாத்தியம், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு. பிராதை நானே தமிழில் எழுதினேன். நிலத்துக்குள் நின்று நாலு பக்கமும் பார்த்து எழுதினேன். தைக்கும்போது இரண்டு விரல் விட்டேன். டாக்கெட் மட்டும் உங்கள் கையால் இருக்கட்டும் என்று நீங்கள் வீட்டிலிருந்தே எழுதிக் கொடுத்தீர்களே, அந்தக் கட்டுதான். நம்பர் ஆகிவிட்டது.

திண்டிவனம் முன்சீப் கோர்ட், வருகிற திங்கட்கிழமை, காலை 10.30. கண் சரியாக இருந்தால் வாருங்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், அழைப்பு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேட்டா கட்டிவிட்டேன், அண்ணே. டைரியில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வக்கீலம்மா
திண்டிவனம்